போர்லாக்கில் பானை ஓடும் சாம்பலும்: தொல்லியல் ஆய்வைத் திட்டத்தின் எந்தக் கட்டத்தில் நுழைப்பது?

நில_அளவு:

வணக்கம். மதுரைக்குக் கிழக்கே, வைகைக் கரையை ஒட்டிய 2 ஏக்கர் மனை (8,094 ச.மீ.). தரைத்தளம், அதன் மேல் 3 மாடி, கீழே ஒரு பேஸ்மென்ட் பார்க்கிங். கட்டடம் நிற்கும் பரப்பு 2,400 ச.மீ. மண் ஆய்வுக்கு 6 போர் (துளை) போட்டதில் 4 போர்லாக்கில் (எந்த ஆழத்தில் என்ன மண் என்ற பதிவு) 1.2 மீட்டரிலிருந்து 2.8 மீட்டர் வரை "சாம்பல் கலந்த வண்டல் களி, உடைந்த செங்கல், பானை ஓட்டுத் துண்டு" என்று இருக்கிறது. 3 மீட்டரில் ஐந்தாம் போரின் N மதிப்பு (மண்ணின் இறுக்கத்தைக் காட்டும் எண்) வெறும் 3. மண் ஆய்வறிக்கை அந்த அடுக்கை "நிரப்பு மண்" என்று எழுதி, முழுவதும் அகற்றச் சொல்கிறது. 300 மீட்டருக்குள் பாதுகாக்கப்பட்ட சின்னம் எதுவும் இல்லை.

வரைபடம் இன்னும் இறுதியாகவில்லை. டெண்டர் விடவில்லை. தொல்லியல் ஆய்வு என்று ஒன்று செய்வதானால் எப்போது, யார், எவ்வளவு பரப்பில்? அட்டவணையில் எத்தனை மாதம் ஒதுக்குவது?

மண்ணடுக்கு:

சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். டெண்டருக்குப் பிறகு கேட்டிருந்தால் பாதி வழிகள் அடைபட்டிருக்கும்.

முதலில் அந்த "நிரப்பு மண்" என்ற சொல்லை நம்பாதீர்கள். மண் ஆய்வுக்காரருக்கு இயற்கையாகப் படியாதது எல்லாம் நிரப்பு மண்தான். அந்தப் பகுதியில் 1.6 மீட்டர் தடிமனில் சாம்பலும் ஓடும் செங்கல்லும் சேர்ந்து வந்தால், மக்கள் வாழ்ந்த அடுக்கு என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இல்லை என்று பிறகு தெரிந்தால் நல்லது. கீழடியில் கி.மு. 580 என்று காலம் கிடைத்த மாதிரி 353 செ.மீ. ஆழத்தில் எடுத்தது. அதுவும் மேலே பார்த்தால் தென்னந்தோப்புதான். ஆகவே 2.8 மீட்டரோடு முடிந்தது என்றும் எண்ணவேண்டாம்.

இன்றைக்கே செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஸ்பிளிட் ஸ்பூனில் (போருக்குள் அடித்து இறக்கி மண் எடுக்கும் குழாய்) வந்த மாதிரிகளை ஆய்வகம் இன்னும் கொட்டியிருக்காது. அறிக்கை கொடுத்த சில வாரத்தில் கொட்டிவிடுவார்கள். போன் செய்து நிறுத்தி வையுங்கள். அந்தக் குழாயின் உள்விட்டம் 35 மி.மீ. தான், அதனால் பெரிய ஓடு வராது. ஆனாலும் ஓட்டின் விளிம்பு, நிறம், சாம்பலின் தன்மை தெரியும். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு என்று ஒரு துண்டு வந்தாலே பேச்சு மாறிவிடும்.

இன்னொன்று: 1.5 மீட்டருக்கு ஒரு முறை எடுக்கும் மாதிரியில் 10 செ.மீ. தடிமனுள்ள செங்கல் தளம் ஒன்று முழுதாகத் தப்பிவிடும். நடுவில் உள்ளதை கழுவி வெளியேற்றும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். லாக்கில் "2.8 வரை" என்று இருப்பது கோடு போட்டு இணைத்தது, அளந்தது அல்ல.

தளமேலாளர்:

நேராகச் சொல்கிறேன், கோபப்படவேண்டாம். யாருக்கும் சொல்லாமல் 2 ஹிட்டாச்சி விட்டால் ஒரே வாரத்தில் 2,400 சதுர மீட்டரும் 3 மீட்டர் ஆழத்துக்கு வெளியே போய்விடும். சொன்னால் மனை முடங்கும். பேங்க் வட்டியை யார் கட்டுவது?

சட்டப்புள்ளி:

அந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு, அதனால் சட்டத்தை உள்ளபடியே வைக்கிறேன்.

தொல்சின்னங்களைக் காக்கும் 1958 சட்டமும் அதன் 2010 திருத்தமும் சொல்வது: மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் முறைப்படுத்தப்பட்ட பகுதி. இந்த 300 மீட்டருக்குள் வந்தால் தகுதி அதிகாரியிடம் மனு, அங்கிருந்து தேசிய நினைவுச்சின்ன ஆணையம். மனுவை ஆணையத்துக்கு அனுப்ப 15 நாள், ஆணையம் பரிந்துரைக்க 2 மாதம், பதில் தெரிவிக்க ஒரு மாதம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. தடைசெய்யப்பட்ட பகுதியில் புதிதாகக் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"300 மீட்டருக்குள் இல்லை" என்று எழுதியவர் எங்கிருந்து அளந்தார்? கோபுரத்திலிருந்தோ பெயர்ப்பலகையிலிருந்தோ அளக்கக்கூடாது. பாதுகாக்கப்பட்ட பகுதியின் சர்வே எல்லையிலிருந்து அளக்கவேண்டும். சில சின்னங்கள் பார்வைக்குச் சின்னமாகவே இருக்காது. பழைய செங்கல்பட்டு மாவட்டப் பட்டியலில் உள்ள பெருங்கற்கால ஈமக்காடுகள் பல, போகிறவர் கண்ணுக்கு வெறும் கல்லும் முள்ளும்தான். அதோடு மாநிலத் தொல்லியல் துறைக்கு 1966 சட்டப்படி தனிப் பட்டியல் உண்டு. இரண்டையும் சர்வே எண்ணோடு ஒப்பிடாமல் இல்லை என்று எழுதக்கூடாது.

இனி தளமேலாளரின் கேள்வி. உங்கள் மனை 300 மீட்டருக்கு வெளியே என்றே வைப்போம். இந்தியாவில் அப்படிப்பட்ட தனியார் நிலத்தில் கட்டுவதற்கு முன் தொல்லியல் ஆய்வு செய்தே தீரவேண்டும் என்று பொதுவான விதி இல்லை. இது உண்மை. ஆனால் 1878 புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த மதிப்புள்ள பொருள் 10 ரூபாய்க்கு மேல் போனால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். அந்த 10 ரூபாய் 1878இல் எழுதியது, இன்று ஒரு செப்புக்காசுகூட அதைத் தாண்டும். மறைத்தால் கண்டெடுத்தவருக்கு உரிய பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. ஓட்டுநர் ஒருவர் போனில் எடுத்த படம் ஊர் வாட்ஸப் குழுவில் வந்துவிட்டால் "தெரியாது" என்பது எடுபடாது.

சொன்னால் முடங்குமா? நிலத்தைத் தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்க, முதலில் 2 மாத அறிவிப்பு கொடுத்து ஆட்சேபம் கேட்கவேண்டும். ஓடு கிடைத்தது என்ற ஒரே காரணத்துக்காக யாரும் அறிவிப்பதில்லை. வேலை நடுவே ஒரு செங்கல் கட்டுமானம் வெளிப்பட்டு, கான்கிரீட் லாரி வாசலில் நிற்கும்போது நின்றுபோவதுதான் நிஜமான முடக்கம். அது நடக்க வாய்ப்பு இருக்கிறதா என்பதைத்தான் இப்போதே பார்க்கச் சொல்கிறோம்.

காணி_உறுதி:

இலங்கையில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1998இல் திருத்தப்பட்டு, 2000ஆம் ஆண்டு ஒழுங்குகள் வந்த பிறகு, 0.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட காணியில் அபிவிருத்தி என்றால் தொல்பொருள் தாக்க மதிப்பீடு கேட்கப்படும். உங்கள் 2 ஏக்கர் 0.81 ஹெக்டேர், இங்கே என்றால் அப்படியே அதற்குள் விழும். கட்டாயம் என்பதில் ஒரு வசதியும் உண்டு: எல்லா ஒப்பந்தகாரரும் அந்தச் செலவைப் போட்டுத்தான் விலை கொடுப்பார்கள். சொல்கிறவன் நட்டப்படுவான், மறைக்கிறவன் லாபம் பார்ப்பான் என்ற நிலை குறையும். குறைபாடு என்னவென்றால், திணைக்களத்துக்குப் போகும் விண்ணப்பத்தோடு இறுதி வரைபடத்தையே கொண்டுபோய் நிற்பார்கள். அப்போது மதிப்பீடு ஒரு முத்திரை மட்டும் ஆகிவிடும். வரைபடம் மாறக்கூடிய கட்டத்தில் போகவேண்டும்.

மண்ணடுக்கு:

காணி_உறுதி சொன்ன கடைசி வரிதான் இந்த இழையின் உயிர்நாடி.

வரிசையாகப் போவோம். முதல் வேலை மேசையில். கிராம வரைபடம், புலப்படம், அ-பதிவேடு, பழைய செட்டில்மெண்ட் பதிவேடு. அதில் உங்கள் சர்வே எண்ணும் சுற்றியுள்ளவையும் என்ன பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். நத்தம், பாழ்நத்தம், மேடு, திடல், பொட்டல், கோட்டைமேடு, மாளிகைமேடு, தாழிக்காடு. கீழடியில் தோண்டிய இடத்துக்கே பள்ளிச்சந்தைத் திடல் என்றுதான் பெயர். பெயர் சான்று ஆகாது, எங்கே கண் வைக்கவேண்டும் என்று சொல்லும். 1880களில் ராபர்ட் சீவெல் சென்னை மாகாணத்துக்குத் தொகுத்த பட்டியலில் ஊர் பெயர் இருக்கிறதா என்பதும் அரை மணி நேர வேலை. 1960களின் அமெரிக்கக் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள் இப்போது பொதுவில் கிடைக்கின்றன. நிலத்தைச் சமன்படுத்துவதற்கு முந்தைய மேடுகள் அதில் தெரியும்.

இரண்டாவது, மனையை நடந்து பார்க்கும் மேற்பரப்பு ஆய்வு. 2 ஏக்கரை 5 மீட்டர் இடைவெளிக் கோடுகளில் 2 பேர் ஒரு காலையில் முடிக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கண்மாய் வண்டலை வயலுக்கு அடித்திருந்தால் அதோடு ஓடும் வந்திருக்கும். குப்பை உரத்தோடும் வரும். அப்படி வந்த ஓடு மேல் 20, 30 செ.மீ. உழவு மண்ணில் மட்டும் கிடக்கும், விளிம்பு மழுங்கி சிறுசிறு துண்டாக இருக்கும். கீழிருந்து கிளம்பிய ஓடு பெரிதாக, கூரான உடைவோடு இருக்கும், எலும்பும் கரியும் சேர்ந்து வரும். பழைய செங்கல் சூளைக் கழிவும் ஏமாற்றும். செங்கல்லை அளந்து பாருங்கள். 9 அங்குலம் என்றால் நேற்றையது. அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளமும் தட்டையான தடிமனும் இருந்தால் கையை எடுத்துவிட்டுப் படம் எடுங்கள்.

ரேடார்_கோடு:

ஜிபிஆர் (மண்ணுக்குள் பார்க்கும் ரேடார்) பற்றி யாராவது விற்க வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா காய்ந்த மணலில் 2 மீட்டர் அளவுக்குப் பார்க்கும். ஈரக் களியில் அரை மீட்டருக்குக் கீழே ஒன்றும் வராது. உங்கள் லாக்கில் "வண்டல் களி" என்று இருக்கிறது, ஆகவே முழு மனைக்கும் காசு கொடுக்காதீர்கள். 20 × 20 மீட்டர் துண்டு ஒன்றை, ஏதாவது போருக்கு அருகில், அரை மீட்டர் கோட்டு இடைவெளியில் ஓட்டிப் பாருங்கள். போரில் தெரிந்த 1.2 மீட்டர் எல்லை ரேடாரிலும் வந்தால் மிச்சத்தைச் செய்யலாம். வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். "ரேடாரில் ஒன்றுமில்லை" என்பது களிமண்ணில் "மனையில் ஒன்றுமில்லை" ஆகாது. காந்தமானி சூளை, அடுப்பு, எரிந்த மண்ணை நன்றாகக் காட்டும், ஆனால் கம்பி வேலியும் ஈபி லைனும் பக்கத்தில் இருந்தால் கெட்டுவிடும். செய்வதானால் மழைக்குப் பிறகு உடனே வேண்டாம்.

பைல்_கேப்:

ஐந்தாம் போரில் 3 மீட்டரில் N மதிப்பு 3 என்றீர்களே. மற்ற போர்களில் அதே ஆழத்தில் எவ்வளவு?

நில_அளவு:

9, 11, 8, 12, 10. ஐந்தாவது மட்டும்தான் 3. அதில் 4.5 மீட்டரில் 5.

பைல்_கேப்:

ஒரு புள்ளியில் மட்டும் குழைவு என்றால் பழைய கிணறோ குழியோ ஆக வாய்ப்பு அதிகம். சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய உறைகிணறு ஒரு மீட்டருக்கு உட்பட்ட விட்டத்தில்தான் இருக்கும். உள்ளே குப்பையும் சேறும் தளர்வாக நிரம்பியிருக்கும். தொல்லியலை விடுங்கள், அஸ்திவாரத்துக்கே அது ஆபத்து. ஃபுட்டிங் (தூணின் அடித்தளம்) அதன் மேல் அரைகுறையாக உட்கார்ந்தால் ஒரு பக்கம் இறங்கும். 2 ஏக்கருக்கு 6 போர் போட்டு இதைப் பிடித்தது அதிர்ஷ்டம்.

இப்போது பேஸ்மென்ட் கணக்கு. 1.2 முதல் 2.8 வரை 1.6 மீட்டர் தடிமன், 2,400 ச.மீ. பரப்பு: 3,840 கன மீட்டர் தொல்லியல் மண். இதை முறைப்படி தோண்டி எடுக்க எவ்வளவு நாள் என்று மண்ணடுக்கு சொல்லட்டும்.

மண்ணடுக்கு:

நம் ஊர் முறையில் 5 × 5 மீட்டர் குழி. நடுவே வெட்டாமல் விடும் மண்சுவரைக் கழிக்காமல் எண்ணினால் 96 குழி. ஒரு குழியில் நாளைக்கு 10 செ.மீ. அடுக்கு இறங்கினால் நல்ல வேகம், அதாவது 2.5 கன மீட்டர். 16 அடுக்கு. தளமோ சுவரோ வந்தால் துடைத்து, வரைந்து, படமெடுத்துத்தான் அடுத்தது, ஆக 30 வேலைநாள் வையுங்கள். 8 குழி ஒரே நேரத்தில் ஓடினாலும் 12 சுற்று, 360 வேலைநாள். இது திட்டமிடுவதற்கான தோராயம்தான். ஆனால் பேஸ்மென்ட் வேண்டுமா என்று முதலாளியிடம் பேச இந்த ஒரு எண் போதும்.

தளமேலாளர்:

360 நாளா? அப்படியானால் பேஸ்மென்ட்டை விட்டுவிட்டு பைல் (ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் தூண்) போட்டுப் போகலாமே. பைல் சின்னதுதானே.

பைல்_கேப்:

பைல் சின்னது, பைல்களின் தலையைச் சேர்த்துக் கட்டும் பைல் கேப் சின்னதல்ல. என் பெயரே அதுதான், கணக்கையும் நானே போடுகிறேன்.

6 மீட்டர் கிரிட் (தூணுக்குத் தூண் இடைவெளி), ஒரு தூணுக்கு 450 மி.மீ. பைல் 4. ஒரு கட்டத்தின் பரப்பு 36 ச.மீ. 4 பைலின் குறுக்குவெட்டு 0.64 ச.மீ., அதாவது 1.8 விழுக்காடு. இதைத்தான் ஆர்க்கிடெக்ட் காட்டி "98 விழுக்காடு காப்பாற்றிவிட்டோம்" என்பார். ஆனால் பைல் இடைவெளி விட்டத்தைப்போல் 3 மடங்கு, 1.35 மீட்டர். இரு பக்கமும் 100 மி.மீ. விட்டால் கேப் 2 × 2 மீட்டர். அது 11.1 விழுக்காடு. கேப்புக்குக் கேப் அரை மீட்டர் அகல கிரேடு பீம் (கேப்புகளை இணைக்கும் உத்திரம்), இரு திசையிலும் 4 மீட்டர் நீளம்: இன்னொரு 11.1. மொத்தம் 22.2. ஷட்டரிங் அடிக்க ஆள் இறங்கும் இடம் சேர்த்தால் இன்னும் மேலே போகும். கேப்பின் அடிமட்டம் 1.5 மீட்டரில் இருந்தால் உங்கள் அடுக்கின் தலையை அது நேராக வெட்டும்.

மாற்று: 7 மீட்டர் கிரிட், தூணுக்கு 750 மி.மீ. பைல் ஒன்றே, பாறையில் ஊன்றியது. 0.44 ச.மீ.யை 49ஆல் வகுத்தால் 0.9 விழுக்காடு. 4 தளத்துக்கு ஒரு தூணில் 2,150 கிலோநியூட்டன் அளவு வரும். எம்30 கான்கிரீட்டுக்கு அது தாங்கும், பாறை எங்கே என்பதுதான் கேள்வி. பார்க்கிங்கைத் தரைத்தளத்துக்கு ஏற்றி, மனையை 0.9 மீட்டர் கிராவல் போட்டு உயர்த்தி, கேப்பையும் பீமையும் அந்தப் புது நிரப்பிலேயே வைத்தால் பழைய மண்ணைத் தொடுவது பைல் மட்டும். ஒற்றைப் பைல் என்பதால் இரு திசையிலும் பீமால் கட்டியே ஆகவேண்டும், இதில் கை வைக்காதீர்கள். உயர்த்தும் மண்ணின் எடையே கீழடுக்கை அமுக்கும் என்பதால் அந்தக் கணக்கும் வேண்டும்.

ராஃப்ட் (கட்டடம் முழுதுக்கும் ஒரே பலகையாகப் போடும் அஸ்திவாரம்) யோசித்தால் வேண்டாம் என்பேன். N மதிப்பு 3, 5, 12 என்று கலந்து கிடக்கும் மண்ணில் ராஃப்ட் சமமாக இறங்காது.

ஈரமண்:

நான் இங்கிலாந்தில் இந்த வேலைப் பக்கம். பைல்_கேப் சொன்ன கணக்கு இங்கே பழைய சண்டை. யார்க் நகருக்காக 1991இல் வந்த ஒரு ஆய்வு, புதைந்துள்ளதில் 5 விழுக்காட்டுக்கு மேல் அழியக்கூடாது என்று பரிந்துரைத்தது. பலர் அதைப் பைல் பரப்புக்கு மட்டும் பொருத்திப் பார்த்துவிட்டு கேப்பை மறந்தார்கள். இன்னொன்று, அடித்து இறக்கும் பைல் பக்கத்து அடுக்கைக் கீழே இழுத்து வளைக்கும். துளையிட்டு ஊற்றும் பைலே மேல். அதிலும் மேல் 4 மீட்டருக்கு இரும்புக் கேசிங் (உறைக்குழாய்) போட்டுக்கொண்டால், துளை சரியாமல் இருக்க ஊற்றும் பென்டோனைட் குழம்பு பக்கவாட்டில் கசியாது.

இங்கே முறை மாறியதற்குப் பின்னணியில் 1989இல் லண்டனில் ரோஸ் நாடக அரங்கின் எச்சம் ஒரு அலுவலகக் கட்டடத் தளத்தில் வெளிப்பட்டது உண்டு. அஸ்திவாரத்தைப் பாதி வழியில் திரும்ப வரைந்து, எச்சத்தைத் தாண்டி அதற்கு மேலே கட்டடத்தை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் அரசின் 16ஆம் திட்ட வழிகாட்டுக் குறிப்பு வந்தது. அனுமதி கொடுப்பதற்கு முன்பே என்ன இருக்கிறது என்று பார், செலவு கட்டடம் கட்டுகிறவருடையது என்பதே சாரம்.

சோதனை நீள்குழிகள் மனையில் 2 முதல் 5 விழுக்காடு. உங்கள் 8,094 ச.மீ.க்கு 4 விழுக்காடு என்றால் 324 ச.மீ. 20 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலத்தில் 9 குழி. பல் இல்லாத அகலப் பக்கெட்டில் மேல்மண்ணை மெலிதாகச் சீவி, தொல்லியல் அடுக்கின் தலை தெரிந்ததும் இயந்திரம் நிற்கும், கீழே கை வேலை. எல்லாக் குழியையும் ஒரே திசையில் போடாதீர்கள், பழைய சுவரும் அதே திசையில் ஓடினால் இரண்டு குழிக்கு நடுவே தப்பிவிடும். களப்பணி முடிந்த அன்றே கட்டுமானத்துக்கு நிலத்தை விடுவிக்கலாம். ஓடு கழுவுவது, காலக்கணிப்பு, அறிக்கை எல்லாம் கட்டடம் ஏறும்போது தனியே ஓடும்.

சட்டப்புள்ளி:

ஈரமண் சொன்னதை இங்கே அப்படியே செய்துவிடாதீர்கள். தொல்லியல் நோக்கத்தில் தோண்டுவது தனியார் கட்டுமான நிறுவனத்தின் வேலையல்ல. பாதுகாக்கப்படாத நிலத்தில் மாநில அரசே தோண்டுவதானாலும், வேறொருவருக்கு அனுமதி கொடுப்பதானாலும், 1958 சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும். ஆகவே நடைமுறை வழி: மாநிலத் தொல்லியல் துறைக்குக் கடிதம், நகல் கலெக்டருக்கு. போர்லாக், புலப்படம், மாதிரிகளின் படம், உத்தேசக் கட்டடப் பரப்பு இணைப்பு. பல்கலைக்கழகத் தொல்லியல் துறை ஒன்றின் வழியாகவும் போகலாம். அகழாய்வுப் பருவ ஆண்டு அக்டோபரில் தொடங்கி செப்டம்பரில் முடியும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, வைகைக் கரையில் குழி குளமாகும். எனவே தோண்டும் காலம் ஜனவரிக்கு மேல்தான். கடிதம் ஜூலைக்குள் போகவில்லை என்றால் ஒரு வருடத்தை இழக்க நேரலாம்.

நில_அளவு:

அதுவரை நாங்கள் என்ன செய்யலாம்? கூடுதல் போர் போடலாம்தானே?

மண்ணடுக்கு:

மண் பரிசோதனை என்ற அளவில் போடலாம், கட்டடத்துக்கும் தேவைதான். ஆனால் அதைத் தொல்லியல் கண்ணோடு போடுங்கள். கட்டடப் பரப்பிலும் சுற்றிலும் 20 மீட்டர் கட்டத்தில் ஏறத்தாழ 20 புள்ளி, முதல் 5 மீட்டருக்கு இடைவெளி விடாமல் மாதிரி. கையால் திருகி இறக்கும் ஆகர் (துளைக்கருவி) 100 மி.மீ. இருந்தாலும் போதும், நீர்மட்டம் வரை. எடுத்த மண்ணைப் பாதியாக வெட்டிய பிவிசி குழாயில் வரிசையாக அடுக்கி, அளவுகோல் வைத்துப் படம். தொல்லியல் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று லாக் எழுதவேண்டும். எந்த ஆழத்தில் கன்னி மண் (மனிதர் கை படாத இயற்கை மண்) தொடங்குகிறது என்ற ஒரே கேள்விக்கு 20 புள்ளியிலும் பதில் கிடைத்தால், அடுக்கின் தடிமனை வரைபடமாகவே போட்டுவிடலாம். அடுக்கு மெலிதாகும் மூலைக்குக் கட்டடத்தை நகர்த்த முடிகிறதா என்று அதைப் பார்த்து முடிவு செய்யலாம். 2 ஏக்கரில் 2,400 ச.மீ. தானே, நகர இடம் இருக்கிறது.

நிறுத்தவேண்டிய இடமும் தெரிந்திருக்கட்டும்: ஆகர் கெட்டியான செங்கல்லில் முட்டினால் உடைத்து இறங்காதீர்கள். குறித்துக்கொண்டு ஒரு மீட்டர் தள்ளிப் போடுங்கள்.

தளமேலாளர்:

சரி, ஒத்துக்கொள்கிறேன். டெண்டரில் இதை எப்படி எழுதுவது? எதிர்பாராத வேலை என்று கான்ட்ராக்டர் பிறகு கழுத்தைப் பிடிப்பார்.

சட்டப்புள்ளி:

ஃபிடிக் (சர்வதேசக் கட்டுமான ஒப்பந்தப் படிவம்) 1999 சிவப்புப் புத்தகத்தில் 4.24ஆம் பிரிவு, 2017 பதிப்பில் 4.23: தொல்பொருள் கிடைத்தால் கான்ட்ராக்டருக்குக் கால நீட்டிப்பும் செலவும் உண்டு. நம் ஊர் ஒப்பந்தப் படிவங்கள் பலவற்றில் "கிடைப்பது அரசுக்குச் சொந்தம்" என்று ஒரு வரியோடு முடிந்துவிடும். கால நீட்டிப்பு இருக்காது. அப்போது கான்ட்ராக்டருக்கு மறைப்பதே லாபம். அந்த ஓட்டையை நீங்களே அடைக்கவேண்டும். அளவுப் பட்டியலில் தனி உருப்படிகள்: 10 செ.மீ. அடுக்காகக் கைத்தோண்டல் ஒரு கன மீட்டருக்கு, ஜேசிபி சும்மா நிற்கும் மணி ஒன்றுக்கு, கண்காணிக்கும் தொல்லியலாளர் நாள் ஒன்றுக்கு. அளவு உத்தேசம், விலை இப்போதே. சர்வதேச வங்கிக் கடன் என்றால் இது விருப்பமல்ல. பண்பாட்டு மரபு பற்றிய உலக வங்கியின் 8ஆம் தரநிலை, தற்செயலாகக் கிடைப்பதற்கான நடைமுறையை ஒப்பந்தத்திலேயே கேட்கும். கட்டடப் பரப்பு எல்லாத் தளமும் சேர்த்து 20,000 ச.மீ. தாண்டினால் சுற்றுச்சூழல் அனுமதிப் படிவத்திலும் பண்பாட்டு இடங்கள் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதவேண்டும், அங்கே "இல்லை" என்று போட்டுவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மண்ணடுக்கு:

தற்செயலாகக் கிடைத்தால் என்ன செய்வது என்பதை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழிலும் இந்தியிலும் தளத்தில் ஒட்டுங்கள். ஹிட்டாச்சி ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாமல் போகலாம்.

பொருளை எடுக்காதே, 10 மீட்டர் வட்டத்தில் வேலை நிறுத்து, அளவுகோலும் வடக்குக் குறியும் வைத்துப் படம், ஈரச் சாக்கு, அதன் மேல் தார்ப்பாய். விஏஓ, தாசில்தார், மாவட்டத் தொல்லியல் அலுவலர் எண்கள். மனித எலும்பு என்றால் காவல் நிலையமும். முதுமக்கள் தாழி தெரிந்தால் உள்ளிருக்கும் மண்ணைக் கிளறவே கூடாது, தாழியின் பாதிக் கதை அந்த மண்ணில்தான். வெயிலில் விட்டால் ஈரப்பானை ஒரு மதியத்தில் வெடிக்கும். செப்புத் திருமேனியோ காசோ கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்கிற பழக்கம் ஒன்று உண்டு. அதை எப்படியாவது தடுங்கள். பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். திருமேனி என்றால் அரை மணியில் ஊர் கூடி மாலை போட்டுவிடும், அதற்குள் தாசில்தாருக்குத் தகவல் போயிருக்கவேண்டும்.

1.5 மீட்டருக்குக் கீழே ஆள் இறங்கினால் பக்கத்துக்கு முட்டு. மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டருக்கு அப்பால் கொட்டுங்கள். சாம்பல் அடுக்கு சொல்லாமல் சரியும்.

நில_அளவு:

ஆர்க்கிடெக்ட்டுடன் பேசியாயிற்று. பேஸ்மென்ட்டைக் கைவிட ஒப்புதல். மனையை 0.9 மீட்டர் உயர்த்தல், 7 மீட்டர் கிரிட், கேப்பும் பீமும் புது நிரப்பில். 20 ஆகர் புள்ளிக்கு ஆள் சொல்லியிருக்கிறோம். ஆய்வகம் மாதிரிகளை வைத்திருக்கிறது. துறைக்குக் கடிதம் இந்த வாரம். வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா?

பைல்_கேப்:

கட்டடத்தைப் பற்றியே பேசினோம், மற்றப் பள்ளங்களை யாரும் எண்ணவில்லை. லிஃப்ட் பிட் 1.5 மீட்டர். குடிநீர்ச் சம்ப் 3 மீட்டர். கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி 4 மீட்டர். காம்பவுண்டு சுவர் அஸ்திவாரம் மனையைச் சுற்றி 360 மீட்டர் அளவுக்கு ஓடும், அகலம் 0.6 என்றாலும் 216 ச.மீ. பைல் எல்லாம் சேர்ந்து வெட்டுவது வெறும் 22 ச.மீ. சுவரை 3 மீட்டருக்கு ஒரு சிறு பைலில் நிறுத்திப் பீமை மேலே ஓட்டுங்கள். லிஃப்ட் பிட்டை உயர்த்திய 0.9க்குள் பாதி அடக்கலாம். சம்ப்பையும் சுத்திகரிப்புத் தொட்டியையும் தரைக்கு மேல் வைக்க முடியுமா என்று பாருங்கள்.

மண்ணடுக்கு:

மழைநீர் சேமிப்புக் குழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கட்டாயம் என்பதால் பிளம்பர் தன் இஷ்டத்துக்கு 3 மீட்டர் ஆழத்தில் 10 குழி போட்டுவிடுவார், வரைபடத்தில்கூட வராது. தோண்டுவதோடு போகாது, வருடா வருடம் மாடித் தண்ணீரை அந்த அடுக்குக்குள்ளேயே ஊற்றும். ஆகர் வரைபடத்தில் அடுக்கு இல்லாத இடத்தைப் பார்த்து, ஒரே ஆழ்குழாயாகக் கன்னி மண்ணுக்குக் கீழே இறக்கச் சொல்லுங்கள். மேல் 5 மீட்டருக்குத் துளையில்லாக் குழாய்.